இருபத்தைந்து கோல் நீளம், பன்னிரண்டு கோல் அகலம்

தஞ்சாவூர் ஜில்லாவில் அமாவாசையன்று ஏர் பூட்ட மாட்டார்கள். மாட்டுக்கும் ஆளுக்கும் அன்று ஓய்வு. நான் வேலை பார்த்த ஆரம்பப் பள்ளிக்குப் பெற்றோரை வரவழைக்க வேறு நாளே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்பது அந்த ஊரில் காலண்டரில் மட்டும் இருந்தது. அதனால் மாதம்தோறும் அமாவாசை மத்தியானம் மூன்று மணிக்கு, என் வகுப்புப் பிள்ளைகள் அந்த மாதம் என்ன படித்தார்கள் என்பதை அப்பா அம்மா முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். மேலிடத்து உத்தரவு ஒன்றும் இல்லை. என் மூளையில் உதித்ததுதான். இருபத்து மூன்று வயதில் என் மூளையைப் பற்றி எனக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம் இருந்தது.

திருவையாற்றிலிருந்து அங்கே போனவள் நான். அப்பா இல்லை, எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். பள்ளிக்கூடம் சர்க்கார் மானியத்தில் நடந்தாலும் அதன் மேனேஜர் அந்த ஊர் மிராசுதார்தான். ஊரில் பாதி நிலம் அவருடையது. என்னை வேலையில் வைத்தவர் அவர். நிரந்தரம் செய்து கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர். அந்தக் கையெழுத்து இன்னும் விழவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சாக்குச் சொன்னாள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம்: முணுமுணுக்கக் கூடாது. பண்ணை வேலைக்காரர்கள் குடியிருந்தது தெற்குத் தெரு. அந்தத் தெருப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வரும். பெரியவர்கள் கைகட்டி வாய்பொத்தி நின்ற வழக்கம் பிள்ளைகளின் தொண்டையிலும் போய் உட்கார்ந்திருந்தது. எனக்குப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். "என்ன, ரகசியமா பேசுற? கடைசி வரிசைக்குக் கேக்கணும். சத்தமா!" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தரம் கத்துவேன். அவர்களோடு நானும் நாலாம் வகுப்பிலிருந்து ஐந்துக்கு ஏறியிருந்தேன். ஒரு வருஷத்தில் அவர்கள் வாய்பாடு சொன்னால் வாய்க்காலுக்கு அந்தப்புறம் கேட்டது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பத்து வயது. ஒல்லியாக, காதுத் துளையில் வேப்பங்குச்சி செருகியிருப்பாள். கணக்கில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. கையெழுத்தோ அச்சு மாதிரி இருக்கும். அவள் அப்பா ஒரு அமாவாசையையும் தவற விட்டதில்லை. குளித்து, ஈரத் தலையோடு, துவைத்த வேட்டியில் வருவார். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, இவர் கதவோரம் நிற்பார். "உள்ள வந்து உக்காருங்க" என்று நான் அதட்டிய பிறகு வந்து தரையில் உட்காருவார். எல்லாம் முடிந்து போகும்போது ஒவ்வொரு முறையும் அதே கேள்வி: "டீச்சரம்மா, இந்த மாசம் எம்பொண்ணு புதுசா என்ன கத்துக்கிச்சு?" நான் சொல்வேன். தசமம், காற்றின் திசை, எதுவானாலும் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போவார்.

அந்த ஆண்டு ஆடியில் பரப்பளவுப் பாடம் வந்தது. புத்தகத்தில் சதுர மீட்டர் போட்டிருந்தது. மீட்டரை அந்த ஊரில் யார் கண்டது? அங்கே நிலத்தைக் குழியிலும் மாவிலும்தான் பேசுவார்கள். பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு மூங்கில் கோல் வெட்டி வரச் சொன்னேன். கோலுக்குக் கோல் ஒரு சதுரம் என்றால் அது ஒரு குழி. நூறு குழி ஒரு மா. கோலைக் கொடுத்துப் பிள்ளைகளை வரப்பில் விட்டேன். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டார் பாடுபடுகிற ஒரு வயலை அளந்து வர வேண்டும். இரண்டு பேர் கோலைப் பிடிக்க, ஒருத்தி எண்ண, வழுக்கி விழுந்து எழுந்து, பாவாடையெல்லாம் சேறாக வந்தார்கள். அந்தப் பெண் எழுதி வந்தது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். நீளம் இருபத்தைந்து கோல். அகலம் பன்னிரண்டு கோல். முந்நூறு குழி. மூன்று மா.

பிறகு காக்கித் தாள்களை மைதாப் பசையால் ஒட்டி, சுவர் அகலத்துக்கு ஊர்ப் படம் வரைய வைத்தேன். ஒவ்வொரு வயலுக்கும் நாலு எல்லை எழுதினார்கள்: வடக்கே வாய்க்கால், கிழக்கே கோயில் நிலம், இப்படி. அத்தோடு விட்டிருக்கலாம். நமக்கு உதவி செய்கிறவர்கள் யார் யார் என்று இன்னொரு பாடம் இருந்தது. அதையும் இதையும் சேர்த்தால் அழகாக இருக்குமே என்று, ஒவ்வொரு வயலுக்குள்ளும் 'உழுபவர்' என்று போட்டு ஆளின் பெயரையும் எழுதச் சொன்னேன். மேதாவி அல்லவா!

காலம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆட்சி மாறியிருந்தது. கடைத்தெருச் சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. தெற்குத் தெரு முனையில் செங்கொடி. கிழக்கே கூலித் தகராறில் நடந்ததெல்லாம் காதில் விழுந்து, ஊரில் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குத்தகைக்கு உழுகிறவன் தாலுக்கா ஆபீசில் மனுக் கொடுத்துத் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று புதுச் சட்டம் வந்திருந்தது. அதற்கு முந்திக்கொண்டு சில மிராசுதார்கள் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் பேப்பரில் படித்தேன். படித்ததெல்லாம் வேறு எங்கோ நடக்கிறது என்று ஒரு நினைப்பு. என் வகுப்புச் சுவரில் பசை தடவி ஒட்டியிருப்பதும் அதுதான் என்று மண்டையில் ஏறவில்லை.

ஆவணி அமாவாசை வந்தது. அறை நிறைந்துவிட்டது. மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிற காரியஸ்தரும் பெஞ்சில் இருந்தார். அவருடைய மகனும் என் வகுப்புதான். அவர் சுவரிலிருந்த படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அடேயப்பா, சர்வே ஆபீசு தோத்துது போங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து தன் வயலின் அளவைச் சொல்லியது. சொன்ன பிறகு நான் இன்னொன்றும் கேட்பேன்: படித்ததை வைத்து வீட்டில் என்ன செய்தாய்? ஒருவன் கோழிக்கூண்டு அளந்தானாம். ஒருத்தி அம்மாவின் புடவையை அளந்து, பாதியில் முதுகில் அடி வாங்கினாளாம். நல்ல சிரிப்பு. அடுத்து அந்தப் பெண் எழுந்தாள். நீளம், அகலம், நாலு எல்லை எல்லாவற்றையும் தடங்கல் இல்லாமல் கணீரென்று சொன்னாள்.

"சரி, இதை வெச்சு வீட்டுல என்ன பண்ணினே?"

அவள் தரையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மனிதர் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அங்க என்ன பார்வை? என்னப் பாத்து சொல்லு."

"ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்றாள். பழையபடி வெறும் காற்று.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு வருஷப் பாடு. இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்றுதான் தோன்றியது. "முழுங்காதே. ஏதோ பண்ணியிருக்கே, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. அப்பா என்ன கடிச்சா தின்னுடுவார்? சத்தமா சொல்லு!"

சொல்லிவிட்டாள். கடைசி வரிசைக்கு என்ன, தெருவுக்கே கேட்டிருக்கும். "மனு எழுதினேன் டீச்சர். எங்கப்பா பதினோரு வருஷமா உழுற வயலு. அவருக்கு எழுதத் தெரியாது. நீளம், அகலம், நாலு எல்லை எல்லாம் நான்தான் எழுதிக் குடுத்தேன். தாசில்தார் ஆபீசுல வாங்கிக்கிட்டாங்க. நடவு முடிஞ்சதும் வந்து பாப்பாங்க."

நான் கைதட்டினேன். நான் மட்டும்தான் தட்டினேன்.

காரியஸ்தர் எழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். "கெட்டிக்காரப் பொண்ணு. நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சரம்மா" என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். அவள் அப்பா அன்றைக்கு மட்டும் என்னிடம் எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

அவர் போட்டிருந்த கணக்கு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுக் கிடையாது. பதினோரு வருஷமும் மிராசுதாரிடம் வாய்ப்பேச்சுக் குத்தகை. மனுக் கொடுத்தது வெளியே தெரியாமல் நடவை முடித்துவிட்டால், அதிகாரி வருகிற அன்று வயலில் அவர் நட்ட பயிர் நிற்கும். நட்டவன் யார் என்பதைப் பயிரே சொல்லும். நடவுக்கு முன்னால் தெரிந்துவிட்டால் வேறு ஏர் இறங்கிவிடும். இன்னும் மூன்று வாரம், நாலு வாரம் அந்தக் குடும்பம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அதைத்தான் நான் கெடுத்தேன். அதுவும் எப்படி? விரட்டி, மிரட்டி, கைதட்டிக் கெடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மிராசுதாரின் நாலு ஏர் அந்த மூன்று மாவில் இறங்கின. ஓரத்தில் அவள் அப்பா விட்டிருந்த நாற்றங்காலை நாற்றோடு உழுது புரட்டினார்கள். அதோடு நிறுத்தவில்லை. இரண்டு பக்க வரப்பையும் மண்வெட்டியால் வெட்டிச் சாய்த்து, பக்கத்து வயலோடு சேர்த்துத் தண்ணீர் கட்டிவிட்டார்கள். நான் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தேன். ஒரே வெள்ளக்காடு. இருபத்தைந்துக்குப் பன்னிரண்டு என்று ஒரு வயல் அங்கே இருந்த சுவடே இல்லை.

அந்த வாரமே காரியஸ்தர் வந்தார். "சுவருக்கு வெள்ளை அடிக்கணும், அந்தக் காகிதத்தையெல்லாம் எடுத்துடுங்க" என்றார். போகிற போக்கில், "உங்க நிரந்தர விஷயமா ஐயாகிட்ட பேசியாச்சு. இந்த மாசமே ஆயிடும்" என்றார். நான் படத்தை எடுத்தேன். பிய்த்தெடுக்கும்போது கிழிந்துவிடாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டவள் அந்தப் பெண்தான். அவளே சுருட்டி, வாழைநாரால் கட்டி, அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். "கிழியாம வெச்சுட்டேன் டீச்சர்" என்றாள். அவள் கண் வீங்கியிருந்தது. வீட்டில் அடி விழுந்திருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

நடவு முடிந்த பின் வர வேண்டிய தாலுக்கா அதிகாரி, நடவு தொடங்கும் முன்பே ஒரு நாள் வந்தார். வயலில் நின்று மனுவைப் படித்தாராம். இந்த அளவில் இங்கே வயலே இல்லையே என்றாராம். சுற்றி நின்ற குடியானவர்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்களாம். அப்போதுதான் அவள் அப்பா, பள்ளிக்கூடத்தில் படம் இருக்கிறது, பிள்ளைகள் ஆடியிலேயே அளந்து எழுதியது என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி, காரியஸ்தர், அவள் அப்பா மூவரும் நேரே என் வகுப்புக்கு வந்து நின்றார்கள்.

"ஊர்ப் படம் ஒண்ணு வரைஞ்சிருக்கீங்களாமே, எங்கேம்மா அது?"

காரியஸ்தர் புது வெள்ளையடித்த சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பிள்ளைங்க விளையாட்டா வரைஞ்சது சார். அளவெல்லாம் சரியா இருக்காது."

"சரியோ தப்போ. இருக்கா?"

"இல்ல சார். வெள்ளையடிக்கும்போது கிழிஞ்சுபோச்சு."

அலமாரி என் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் எழுந்து நின்றாள். இப்போது கத்தப் போகிறாள், கத்தத்தானே சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்தேன். அவள் அலமாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். என்னைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லையா, வாய் திறந்ததால் பட்டது போதும் என்றா, நான் கேட்டதில்லை. அதிகாரி நோட்டை மூடிக்கொண்டு போனார்.

சாயங்காலம் அந்தச் சுருளை முந்தானையில் மறைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். திரும்பவும் யாராவது வந்து அலமாரியைத் திறந்தால் என்ன ஆவது என்ற பயம். அடுப்பில் வைத்தேன். பசை போட்ட தாள் சீக்கிரம் பற்றவில்லை, புகைந்துகொண்டே இருந்தது. அந்த அடுப்பிலேயே சோறு வடித்தேன், சாப்பிடவும் செய்தேன். சீ, என்ன ஜென்மம் என்று இப்போதும் அந்தப் புகை நினைவுக்கு வந்தால் தோன்றும்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்பே அவள் அப்பா வாசலில் நின்றார், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

"டீச்சரம்மா, தப்பா நெனைக்காதீங்க. அந்தப் படம் அலமாரியில இருக்குன்னு இது சொல்லுது. நேத்து அந்த ஆளு பக்கத்துல நின்னதால நீங்க சொல்ல முடியாம இருந்திருக்கும், அது எனக்குப் புரியுது. குடுத்தீங்கன்னா நானே தாலுக்கா ஆபீசுக்குக் கொண்டுபோறேன். உங்க பேரு என் வாயில வராதுங்க."

எனக்கு இரண்டாம் தடவை கொடுத்த வாய்ப்பு அது. அது வருவதற்குள் நான் சாம்பலை அள்ளிக் கொல்லையில் கொட்டியிருந்தேன். நேற்றிரவு எரித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். காறித் துப்பியிருப்பார், அதை வாங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. அலமாரியைத் திறந்து காட்டினேன். அடித்தட்டில் சாக்கட்டிப் பெட்டி மட்டும் இருந்தது.

"இல்லையே. நான்தான் நேத்தே சொன்னேனே" என்றேன்.

அவர் காலியான தட்டைப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இல்லாதத இருக்குன்னு சொல்லி என்னக் கூட்டியாந்து நிறுத்துறியே. டீச்சரு பொய் சொல்லுவாங்களா?" என்று கையை ஓங்கிவிட்டு, என் முன்னால் அடிக்கக் கூடாது என்று தாழ்த்திக்கொண்டார். அவள் அழவில்லை. அடித்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனார். அவர் என்னை நம்பினார். வயல் போனதைவிட, அந்த நம்பிக்கைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மனு தள்ளுபடியானது. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவோடு நடவுக்குப் போகிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். எனக்குக் கையெழுத்து விழுந்தது, நிரந்தரம் ஆனேன்.

புரட்டாசி அமாவாசைக்குக் கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். பிள்ளைகள் வீட்டில் சொல்லிவிட்டார்கள். ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். சுவரில் ஒன்றும் இல்லை. திருப்புதல் கணக்கு என்று எதையோ ஒப்பிக்க வைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தால், கதவோரத்தில் அவர் நிற்கிறார். குளித்த ஈரத் தலை, துவைத்த வேட்டி. பக்கத்தில் அவள். விரல் நகமெல்லாம் நடவுச் சேற்றில் கறுத்திருந்தது.

"வேலை இல்லாத நாளாச்சும் வந்துட்டுப் போவட்டுமேன்னு கூட்டியாந்தேங்க" என்றார்.

உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லோரும் போகிற வரை நின்றுகொண்டே இருந்துவிட்டு, பழைய பழக்கத்தில், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டார்:

"டீச்சரம்மா, இந்த மாசம் எம்பொண்ணு புதுசா என்ன கத்துக்கிச்சு?"

கோழை, அதையும் அவள் தலையிலேயே தள்ளினேன். "நீயே சொல்லும்மா."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்து உதட்டை அசைத்தாள். கதவோரம் வரைக்கும் அது எட்டவில்லை.

"என்ன முணுமுணுக்கிற? டீச்சருக்குப் புடிக்காதுல்ல, சத்தமா சொல்லு" என்றார் அவர்.

"பரவால்ல, விடுங்க" என்றேன். "எனக்குக் கேட்டுச்சு."